பாடத்திட்டம் வந்தது, ஆலோசகர் எங்கே?

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறியபோது புத்தகம் மாறியது, தேர்வு மாறியது, கல்வியாண்டு தொடங்கும் மாதம்கூட மாறியது. 2025இல் காரைக்கால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 10, 12ஆம் வகுப்புத் தேர்வுகளை முதன்முறையாக அந்த வாரியத்தின் கீழ் எழுதினார்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே காலமெல்லாம் நடத்திப் பழகிய ஆசிரியர்கள் ஓரிரு ஆண்டுக்குள் புதுப் புத்தகங்களுக்குத் தயாராக வேண்டியிருந்தது. அதே வாரியத்தின் இணைப்பு விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றும் முழுநேர ஆலோசகர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். 9 முதல் 12 வரை 300 மாணவருக்குக் குறைவாக உள்ள பள்ளி பகுதிநேரமாக வைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை முன்பு இருந்தது. புத்தகத்தைப் பற்றியும் தேர்வைப் பற்றியும் நடந்த பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட இந்த விதியைப் பற்றி நடக்கவில்லை. பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்ட அரசு, அதோடு வந்த ஆலோசகரையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் வரும்வரையும் வந்த பிறகும், பிள்ளையோடு பேச வகுப்பாசிரியருக்குக் கால அட்டவணையிலேயே நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டையும் இந்தக் கல்வியாண்டிலேயே செய்ய முடியும் என்பது நம் நிலைப்பாடு.

2022 செப்டம்பரை இந்த ஊர் மறந்திருக்காது. காரைக்காலில் தனியார் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்பு மாணவன், தன் பேருக்குப் பள்ளியில் கொடுத்துவிட்டுப் போன குளிர்பானத்தைக் குடித்து உயிரிழந்தான். கைதானவர் அவனுடைய வகுப்புத் தோழியின் தாய். படிப்பில் இருந்த போட்டிதான் காரணம் என்றது காவல்துறை. மருத்துவமனையில் சிகிச்சை ஒழுங்காக நடந்ததா என்று கேட்டு ஊர் தெருவுக்கு வந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஒரு வகுப்பறையின் ரேங்க் எப்படி ஒரு வீட்டுக்குள் இவ்வளவு தூரம் புகுந்தது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. ஒரு பெரியவரின் குற்றத்தைப் பள்ளியின் தலையில் கட்ட நாம் வரவில்லை. ஆனாலும் பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணை உரக்க வாசிப்பது, முதல் மூன்று பேருக்கு மேடை, கடைசி மூன்று பேருக்கு எழுந்து நிற்கும் தண்டனை என்ற பழக்கம் எந்தப் பள்ளியில் இருந்தாலும் அது போட்டியை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இப்படி ஒரு மரணம் நேர்ந்தால் அந்த வகுப்பின் மற்றப் பிள்ளைகளோடு மறுநாள் உட்கார்ந்து பேசப்போவது யார் என்பதற்கும் ஒவ்வொரு பள்ளியிடமும் பதில் இருக்க வேண்டும்.

மதிப்பெண் மட்டும்தான் பிரச்சினை என்று நினைப்பதும் தவறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் தேர்வுத் தோல்வி காரணமாகப் பதிவானவர்கள் 2,248 பேர். மற்ற பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை மனத்தில் வைத்துத்தான் பள்ளியில் ஆலோசனை என்பதைத் திட்டமிட வேண்டும். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன ஒரு மாணவியின் மரணம் பற்றிய வழக்கில் 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது வேண்டும். சிறிய பள்ளிகள் வெளியில் உள்ள வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். எல்லா ஊழியருக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும். மதிப்பெண்ணைக் காட்டிப் பிள்ளைகளைப் பிரிக்கவோ பலர் முன் அவமானப்படுத்தவோ கூடாது. உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதால், இது இனி நல்லெண்ணம் உள்ள தலைமையாசிரியரின் விருப்பத்தைப் பொறுத்த விஷயமல்ல.

காரைக்காலுக்கென்று சில கவலைகள் உண்டு. டெல்லியில் அச்சாகும் கையேட்டில் அவை இருக்காது. 2025 ஜனவரி 28 அன்று காரைக்கால் படகில் போன 13 மீனவர்களை நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படை பிடித்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது, மீனவர்கள் காயமடைந்தார்கள். இப்படிச் செய்தி வரும் வாரத்தில் மீனவக் கிராமத்திலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் 'ஹோம்வொர்க் எங்கே' என்பது முதல் கேள்வியாக இருக்க முடியுமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. புது நோட்டு, புதுச் சீருடை என்று செலவு வரும் வேளையில் விசைப்படகுத் தொழிலாளியின் வீட்டில் வரவு நின்றுபோயிருக்கும். நகருக்குள் வேறு கதை: அப்பா வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், பிள்ளை பாட்டியிடம் வளரும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் 'நான் எப்படியும் ஃபிரான்ஸ் போயிடுவேன் சார்' என்று பதினைந்து வயதிலேயே புத்தகத்தை மூடி வைக்கும் பையன்கள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். இங்கேயே குடித்துவிட்டு இங்கேயே வீட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் மறுநாள் காலை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பற்றி அந்த அளவு எழுதவில்லை.

மேற்படிப்பு வழிகாட்டலிலும் எல்லைக்கோடு குறுக்கே வருகிறது. மயிலாடுதுறை, நாகை மாவட்டக் கிராமங்களில் குடியிருந்துகொண்டு, பக்கம் என்பதால் காரைக்கால் அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 7.5 சதவீத மருத்துவ ஒதுக்கீட்டுக்குத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருக்க வேண்டும். புதுச்சேரியின் 10 சதவீத ஒதுக்கீட்டுக்குப் புதுச்சேரிக் குடியிருப்புச் சான்று வேண்டும். இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கிறது என்பது பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, புதுச்சேரியின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக்கின் விண்ணப்பத்தைத் திறக்கும்போது தெரிந்தால் என்ன பயன்? ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்த அப்பாவிடம் ஒரு ஆசிரியர் ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் குடும்பம் யோசித்து முடிவெடுத்திருக்கும். வீட்டுக்குப் பக்கத்திலேயே என்ஐடி, ஜிப்மர் கிளை, வேளாண் கல்லூரி, பாலிடெக்னிக் என்று இத்தனை இருந்தும், அவற்றில் சேர என்ன வழி என்று கேட்டால் தெரியாமல் விழிக்கும் மாணவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஆலோசனை என்றதும் மனநலம் மட்டும் நினைவுக்கு வருகிறது. வழி தெரியாததால் வரும் மனக்கஷ்டமும் மனக்கஷ்டம்தான்.

ஆசிரியர் செய்ய வேண்டியது என்ன? அவர் மனநல மருத்துவர் ஆக வேண்டாம், ஆகவும் கூடாது. முதலில் கவனிப்பவர் அவர். வருகைப் பதிவேடு எடுக்கும் ஐந்து நிமிடம் கண் உள்ள ஆசிரியருக்குப் போதும். தொடர்ந்து திங்கட்கிழமைகளில் வராத பெண், கையெழுத்து திடீரென்று கோணிப்போன பையன், சாப்பாட்டு மணி அடித்தும் பெஞ்சை விட்டு எழாதவன், கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றாதவள். இதையெல்லாம் பார்ப்பதற்குப் பட்டயப் படிப்பு தேவையில்லை.

கேட்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். வராந்தாவில் நாலு பேர் முன்னால் "என்னடா, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றால் எந்தப் பிள்ளையும் "இல்ல சார்" என்றுதான் சொல்லும். அதே ஆசிரியர் நோட்டுக் கட்டை ஸ்டாஃப் ரூமுக்குத் தூக்கிவரச் சொல்லி, கூட நடந்துகொண்டே "ரெண்டு நாளா முகமே சரியில்லையே தம்பி" என்று சொல்லிவிட்டுப் பிறகு வாயை மூடிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நம்மில் பலருக்கு வராதது அந்த வாயை மூடிக்கொள்ளும் வித்தைதான். பிள்ளை ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அப்துல் கலாம் பேப்பர் போட்டுப் படித்த கதையை ஆரம்பித்துவிடுகிறோம். கலாம் மேல் குறை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை அப்போது கதை கேட்க வரவில்லை.

அடுத்தது ரகசியம். காலையில் ஒரு மாணவி டீச்சரிடம் அழுதுகொண்டே சொன்னது இடைவேளை டீக்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரிந்துவிட்டால், அந்தப் பள்ளியில் இனி எந்தப் பிள்ளையும் எந்த டீச்சரிடமும் எதையும் சொல்லாது. அதே சமயம், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியம்" என்று ஆசிரியர் வாக்குக் கொடுக்கவும் கூடாது. பாலியல் கொடுமை என்று தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. மறைத்தால் தண்டனை என்கிறது 21ஆம் பிரிவு. பள்ளியின் பேர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே சொல்ல வேண்டிய வாக்கு வேறு: "உன்னைக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவேன், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இந்த ஒரு வாக்கியத்தைக் காரைக்காலின் எல்லா ஆசிரியரும் பழகிக்கொள்வதற்காகவே ஒரு நாள் பயிற்சி வைக்கலாம்.

இதற்கு மறுப்புகள் வரும். வாக்காளர் பட்டியல், கணக்கெடுப்பு, இணையப் பதிவேற்றம் என்று எல்லாமே ஆசிரியர் தலையில்தான், இதுவுமா என்பார்கள். நியாயமான புலம்பல். அதனால்தான் நேரத்தை ஒதுக்கச் சொல்கிறோம். வாரத்துக்கு ஒரு பாடவேளையை வகுப்பாசிரியரிடம் விட்டுவிடுங்கள், அதில் பாடம் நடத்தக் கூடாது, கணக்கு ஆசிரியர் கடன் வாங்கவும் கூடாது. 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்' என்று பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஆசிரியரின் வேலைதான். மூன்றாவது மறுப்பு, உதவி எண்கள் இருக்கின்றனவே என்பது. இருக்கின்றன: டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கு 1098. அவற்றைப் பள்ளிச் சுவரில் எழுதியே ஆக வேண்டும். ஆனால் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்று விதி வைத்துவிட்டுச் சுவரில் எண்ணை எழுதினால், அந்த மணி நேரத்தில் பிள்ளை யாருடைய போனிலிருந்து பேசும்?

பணம் இல்லை என்ற பதிலும் வரும். இது நேற்று முளைத்த யோசனை அல்ல. இடைநிலைக் கல்விக்காக லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த ஆணையம் 1953இலேயே பள்ளிகளில் வழிகாட்டும் அலுவலர்கள் வேண்டும் என்றது. அப்போது காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. 1966இல் கோத்தாரி ஆணையம் இன்னும் இறங்கிவந்து, ஒவ்வொரு பள்ளிக்கும் ஒருவர் முடியாவிட்டால் பத்துப் பள்ளிகளுக்கு ஒரு ஆலோசகர் சுற்றிவரட்டும் என்றது. இந்த யோசனை காரைக்காலுக்கென்றே சொன்னது போல இருக்கிறது. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பிராந்தியம் இது. காலையில் நெடுங்காட்டிலும் மதியம் திருமலைராயன்பட்டினத்திலும் ஒரே ஆள் இருக்க முடியும்; ஒரு ஸ்கூட்டரும் பெட்ரோல் படியும் போதும். பெரிய பள்ளிகளில் முழுநேர ஆலோசகர், சிறிய பள்ளிகளுக்கு இப்படிச் சுற்றிவரும் ஆலோசகர்கள், அவர்கள் கைமீறிப்போகும் பிள்ளைகளை அனுப்ப அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவோடு எழுத்துப்பூர்வமான ஏற்பாடு. என்சிஇஆர்டி, ஆசிரியர்களும் சேரக்கூடிய வகையில் வழிகாட்டல், ஆலோசனையில் ஓராண்டுப் பட்டயம் நடத்துகிறது. நமக்கு அருகில் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தில் படிக்கலாம். ஆண்டுக்கு இரண்டு பேரை அங்கே அனுப்பினால் கஜானா காலியாகிவிடாது.

ஆசிரியர்களால் முடியுமா என்ற சந்தேகத்துக்கு இந்தக் கடற்கரையே பதில் சொல்லியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று காரைக்காலில் ஏறத்தாழ 500 பேரைக் கடல் கொண்டுபோனது. பள்ளி திறந்தபோது கடல் என்ற சொல்லுக்கே நடுங்கிய பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைத்தவர்கள் ஆசிரியர்கள்தான். பக்கத்து நாகையில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் ஆசிரியர்களுக்கும் உள்ளூர்த் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகளைப் படம் வரையச் சொல்வது, விளையாடவிடுவது, மறுபடி மறுபடி அதே கதையைச் சொன்னாலும் பொறுத்துக் கேட்பது என்பதுதான் அந்தப் பயிற்சி. பேரிடர் வந்தபோது கிடைத்த பயிற்சி, சாதாரண நாளில் ஒரு வீட்டுக்குள் நடக்கும் பேரிடருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

இதற்கான கோப்பு 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில் நகர வேண்டும் என்பதுதான் நம் பிராந்தியத்தின் தலையெழுத்து. அதை நகர்த்தும் பொறுப்பு, காரைக்காலிலிருந்து சட்டப்பேரவைக்குப் போகும் ஐந்து உறுப்பினர்களுக்கும் உண்டு. அடுத்த கூட்டத்தொடரில் கட்சி வேறுபாடு பார்க்காமல் ஐவரும் ஒரே கேள்வியைப் போடட்டும்: காரைக்காலின் ஒவ்வொரு பள்ளியிலும், அரசு, தனியார் இரண்டிலும், ஆலோசகர் பணியிடம் இருக்கிறதா, அதில் ஆள் இருக்கிறாரா, அவர் என்ன படித்திருக்கிறார்? கல்வி அமைச்சர் பள்ளி வாரியாகப் பதிலை அவையில் வைக்கட்டும். அந்தப் பட்டியலை நாம் முழுமையாக வெளியிடுகிறோம்.