மதுரையிடம் தோற்றவர், கிளாஸ்கோவில் கோல் அடித்தார்!

சிம்மக்கல்லில் பஸ்ஸுக்கு நிற்கும் பத்துப் பேரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "இந்தியப் பெண்கள் கால்பந்து லீக்கில் மதுரை டீம் சாம்பியன் ஆனது தெரியுமா?" எத்தனை பேர் தலையாட்டுவார்கள்? ஜல்லிக்கட்டு காளையின் பெயர், அதை வளர்த்தவர் பெயர், அது வாங்கிய பரிசு வரைக்கும் ஒப்பிக்கிற ஊர் இது. ஆனாலும் 2019 மே 22-ம் தேதி லூதியானாவில் நடந்தது இங்கே பலருக்குத் தெரியாது.

அன்றைக்கு இறுதிப்போட்டி. ஒரு பக்கம் மதுரையின் சேது எஃப்.சி., எதிரே மணிப்பூர் போலீஸ். 3-1 என்று சேது ஜெயித்தது. தமிழ்நாட்டு அணி ஒன்று இந்தக் கோப்பையைத் தூக்கியது அதுதான் முதல் முறை. இந்தக் கதை ஜெயித்தவர்களைப் பற்றியது இல்லை. அன்றைக்குத் தோற்ற அணியில் இருந்த ஸ்ட்ரைக்கர், நாங்கோம் பாலா தேவியைப் பற்றியது.

அந்தத் தொடரில் அவர் அடித்த கோல்கள் 26. மே 5-ல் தொடங்கி 22-ல் முடிந்த தொடர் அது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. நாட்டின் உச்சபட்ச பெண்கள் லீக்கின் இறுதிச்சுற்று மொத்தமே அவ்வளவுதான்! அதற்குப் பிறகு அடுத்த சீசன் வரும்வரை ஒரு ஸ்ட்ரைக்கர் என்ன செய்வார்? வேலைக்குப் போக வேண்டியதுதான். பாலா தேவிக்கு மணிப்பூர் போலீசில் வேலை இருந்தது. கால்பந்தால் கிடைத்த வேலை, கால்பந்தைக் காப்பாற்றிய வேலையும் அதுவே. இந்தியாவில் இந்த விளையாட்டை நம்பி இறங்கிய பெண்களில் பலருக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

மணிப்பூரின் பிஷ்ணுபூர் மாவட்டத்தில் இரெங்பாம் என்ற கிராமம் அவருடையது. 1990-ல் பிறந்தவர். சின்ன வயதில் பையன்களோடு சேர்ந்து பந்து உதைத்துப் பழகியவர், 15 வயதிலேயே இந்திய சீனியர் அணிக்கு வந்துவிட்டார். பிறகு கேப்டன். 2014, 2015 இரண்டு வருடமும் நாட்டின் சிறந்த வீராங்கனை விருது. இத்தனை இருந்தும், வெளிநாட்டிலிருந்து ஒரு அழைப்பு வர 29 வயதாக வேண்டியிருந்தது. ஸ்ட்ரைக்கருக்கு அது பாதி ஆட்டம் முடிந்த வயது.

ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பும் பெங்களூரு எஃப்.சி.யும் 2019-ல் கைகோத்தன. அந்தக் கதவு வழியாக நவம்பரில் கிளாஸ்கோவுக்கு டிரையலுக்குப் போனார். 2020 ஜனவரி கடைசியில் 18 மாத ஒப்பந்தம் கையெழுத்தானது. கோல் கீப்பர் அதிதி சவுகான் 2015-லேயே இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணிக்கு ஆடியிருக்கிறார். ஆனாலும் வெளிநாட்டில் முழுநேரத் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற இடம் பாலா தேவிக்குத்தான்.

கிளாஸ்கோவுக்கும் இந்தியாவுக்கும் பழைய பந்தம் ஒன்று உண்டு. 1936-ல் கொல்கத்தாவின் முகமது சலீம், ரேஞ்சர்ஸின் பரம எதிரியான செல்டிக் அணிக்கு ஆடினார். ஷூ போடாமல், காலில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு! ஆண்களில் அப்புறம் பாய்ச்சுங் பூட்டியா 1999-ல் இங்கிலாந்தின் பெரி கிளப்புக்கும், சுனில் சேத்ரி 2010-ல் அமெரிக்காவுக்கும் 2012-ல் போர்ச்சுகலுக்கும் போனார்கள். பெண்கள் பக்கம் அந்த வரிசையைத் தொடங்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காத்திருந்து கிடைத்ததும் நிலைக்கவில்லை. பத்தாம் நம்பர் ஜெர்சி கைக்கு வந்த சில வாரங்களில் கொரோனா வந்தது. ஸ்காட்லாந்து பெண்கள் லீக்கின் அந்த சீசனையே ரத்து செய்துவிட்டார்கள். தெரியாத ஊர், எலும்பைக் கடிக்கும் குளிர், பூட்டிய மைதானம். அக்டோபரில் புது சீசன் தொடங்கியது. டிசம்பர் 6-ம் தேதி மதர்வெல் அணிக்கு எதிராக மாற்று வீராங்கனையாக இறங்கி, ரேஞ்சர்ஸுக்காகத் தன் முதல் கோலை அடித்தார். ஆட்டம் 9-0. ஒன்பதில் ஒன்றுதானே என்று நினைக்கலாம். லூதியானாவில் அடித்த 26-ஐவிட அந்த ஒன்றுக்குத்தான் இந்தியப் பத்திரிகைகள் அதிகம் இடம் கொடுத்தன. அதில் கொஞ்சம் அநியாயமும் இருக்கிறது.

பிறகு முழங்கால் காயம். 2021-ல் ஒப்பந்தம் முடிந்தது. 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தபோது பாலா தேவி அணியில் இல்லை. அந்த அணியும் ஈரானுடன் ஒரே ஒரு ஆட்டம் ஆடி 0-0 டிரா செய்தது. அடுத்து வீராங்கனைகள் பலருக்குக் கொரோனா வந்து, களத்தில் இறக்க ஆளில்லாமல் தொடரிலிருந்தே வெளியேற வேண்டியதானது. சொந்த மண்ணில் ஆசியக் கோப்பை ஆடும் வாய்ப்பு எத்தனை முறை வரும், சொல்லுங்கள்?

ஆனால் அவர் திறந்த கதவு மூடவில்லை. 2022-ல் மனிஷா கல்யாண் சைப்ரஸின் அப்பல்லோன் கிளப்புக்குப் போய், ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். மதுரை ஜெர்சியில் கோப்பை தூக்கிய டாங்மே கிரேஸ் உஸ்பெகிஸ்தானின் நசாஃப் அணிக்குப் போனார். அதே சேது அணியின் நேபாள ஸ்ட்ரைக்கர் சபித்ரா பண்டாரி இஸ்ரேல், பிரான்ஸ் என்று போனார். உள்ளூரில் இந்திய லீக்கும் வாரக்கணக்கிலிருந்து மாதக்கணக்குக்கு நீண்டது. ஒரு வீராங்கனைக்கு வருடத்துக்குக் குறைந்தது 3.2 லட்சம் ரூபாய் ஒப்பந்தம் என்று கூட்டமைப்பு 2023-ல் அறிவித்தது. மாதக் கணக்கில் பார்த்தால் 27 ஆயிரத்துக்கும் கீழே. முழங்கால் போனால் ஆபரேஷனுக்கு அது எந்த மூலைக்கு?

காயத்திலிருந்து மீண்டு பாலா தேவி திரும்ப வந்தார். 2024 அக்டோபரில் காத்மாண்டுவில் தெற்காசிய சாம்பியன்ஷிப். பாகிஸ்தானை இந்தியா 5-2 என்று வென்ற ஆட்டத்தில், நாட்டுக்காகத் தன் 50-வது கோலை அடித்தார். இந்தியப் பெண்களில் அந்த எண்ணைத் தொட்ட முதல் ஆள். வயது 34.

பத்து நாள் கழித்து அரையிறுதி, நேபாளத்துடன். இந்தியாதான் முதலில் முன்னிலை பெற்றது. நடுவரின் முடிவை எதிர்த்து நேபாள அணி கொதிக்க, ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆட்டம் நின்றது. மறுபடி தொடங்கியதும் நேபாளத்துக்குச் சமன் கோல் விழுந்தது. பெனால்டியில் 4-2 என்று இந்தியா வெளியேறியது.

அந்தச் சமன் கோலை அடித்தவர், 2019-ல் மதுரைக்காக ஆடிய சபித்ரா பண்டாரி.