சீனச் சாப்பாடு எங்கே?

லேக் மார்க்கெட்டுப் பக்கம் வசிக்கும் சகோதரி ஒருவர் இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரிலிருந்து மாப்பிள்ளை வருகிறாராம். அவருக்குக் காளிகோயிலும் விக்டோரியா மண்டபமும் அப்புறந்தானாம்; "கல்கத்தாவில் சீனச் சாப்பாடு பேர்போனதாமே, எங்கே கிடைக்கும்?" என்பதே முதற் கேள்வியாம். கடிதம் எழுதிய அம்மையாரோ முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாதவர். "மாப்பிள்ளையைத் தனியே அனுப்புவது அழகல்ல, நானும் போகவேண்டும். வழி சொல்லுங்கள்" என்கிறார். 2001-ல் கொல்கத்தா என்று பெயர் மாறிய பின்னும் வாய்ப்பழக்கத்தால் கல்கத்தா என்றே சொல்லிவரும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சீனம் நமக்கு அப்படியொன்றும் அந்நியம் அன்று. சர்க்கரையைச் சீனி என்கிறோம். நெல்லைச் சீமையில் வாணலிக்குச் சீனச்சட்டி என்றே பெயர். வங்காளியும் சர்க்கரையைச் 'சீனி' என்றே சொல்லுகிறார். இந்நகரத்துச் சீனர் கதை தொடங்குவதும் அந்தச் சர்க்கரையில்தான். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் அச்சூ என்ற சீன வணிகர் ஹூக்ளிக் கரையில், பட்ஜ் பட்ஜுக்கு அருகே நிலம் பெற்றுக் கரும்பு பயிரிட்டு ஆலை வைத்தார். அவர் பெயரால் அவ்வூர் இன்றும் அச்சிப்பூர் எனப்படுகிறது. குதிரை லாடம் போன்ற வடிவில் சிவப்புப் பூசிய அவர் சமாதிக்குச் சீனப் புத்தாண்டையொட்டி இந்நகரத்துச் சீனர் குடும்பத்துடன் சென்று வணங்கிவருகிறார்கள். பின்னர் வந்தவர்களில் காண்டன் பகுதியார் தச்சு வேலையிலும், ஹக்கா வகுப்பார் தோல் பதனிடுவதிலும் செருப்புத் தைப்பதிலும், ஹூபே மாகாணத்தார் பல் வைத்தியத்திலும் பெயர் எடுத்தனர். சமையல் இவர்கள் எல்லோருக்கும் பின்னால் வந்த தொழில்.

முதலில் போகவேண்டிய இடம் டிரெட்டா பஜார். எட்வர்ட் டிரெட்டா என்ற வெனிஸ் நகரத்தவர் ஒருவரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, போத்தார் கோர்ட் கட்டிடம் எங்கே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். பொழுது புலரும்போதே அங்கே அலுமினியப் பாத்திரங்களிலும் மூங்கில் கூடைகளிலும் ஆவி பறக்கும். மாவுக்குள் இறைச்சி வைத்து அவித்த வெள்ளை உருண்டைகள், மீன் உருண்டை மிதக்கும் சூப்பு, மோமோ, உலர்ந்த பன்றி இறைச்சிக் குழல்கள் எல்லாம் நடைபாதையில் வைத்தே விற்பனையாகும். ஞாயிற்றுக்கிழமையில்தான் கடைகள் அதிகம். எட்டு மணி ஆவதற்குள் அங்கே ஒரு சந்தை நடந்த அடையாளமே இராது. முன்பு விற்றவர் அனைவரும் சீனர்; இப்போது கூடைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்களில் பலர் மற்றவர்கள்.

சைவர்களுக்கு அங்கே சாப்பிட ஏதும் இல்லை என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை சாப்பிடட்டும், அம்மையார் பக்கத்திலுள்ள கோயில்களைப் பார்க்கலாம். வெள்ளைக்காரர் வழக்கப்படி அவற்றைச் 'சர்ச்' என்று சொல்வது ஒரு வேடிக்கை. 1905-ல் எழுந்த சீ இப் கோயில் பார்க்கத் தக்கது. தூங் ஆன் கோயில் மாடியில் இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தில்தான் 1924-ல் தொடங்கிய நான்கிங் என்னும் பிரசித்தமான சீன ஓட்டல் ஒரு காலத்தில் நடந்தது. ஓட்டல் போயிற்று, கோயில் இருக்கிறது.

பழைய முறையில் உட்கார்ந்து சாப்பிட விரும்புவோர் கணேஷ் சந்திர அவென்யூவில், பெட்ரோல் பங்குக்கு மேல் மாடியில் உள்ள ஓ சியூவுக்குப் போகலாம். 1920-களிலிருந்து ஒரே குடும்பத்தார் நடத்திவரும் சிறிய இடம். நடுவே புகைபோக்கி வைத்து அதில் கரி கனலும் பாத்திரத்தில் 'சிம்னி சூப்பு' கொண்டுவருவார்கள். முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. ஆடம்பரம் இல்லை. எனக்குப் பிடித்ததும் அதுவே.

பெரிய கூட்டமாகப் போகிறவர்களுக்கு டாங்ரா. அங்கு முன்பு தோல் பதனிடும் தொழிலே பிரதானம். அந்த நாற்றம் ஒரு மைல் முன்னதாகவே வரவேற்கும். 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு அத்தொழிலை நகரத்தை விட்டு அகற்ற உத்தரவிட்டது. பின்னர் அது பாந்தலாவுக்குப் போயிற்று. அதற்கு முன்பே சில குடும்பங்கள் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தன. பிறகு அதுவே பலருக்குப் பிழைப்பாயிற்று. பெய்ஜிங், கிம் லிங், பிக் பாஸ், கோல்டன் ஜாய் என்று வரிசையாகப் பெயர்ப்பலகைகள். அருகில் சீனர் வழிபடும் காளிகோயில் ஒன்றும் உண்டு. அங்கே நூடுல்ஸ் பிரசாதம். நம் அம்மையாருக்கு இந்த ஒரு செய்தியே போதும் என்று நினைக்கிறேன்.

இனிச் சைவ விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பாவை டாங்ராவில் ஓர் ஓட்டலுக்கு அழைத்துச் சென்றேன். "வெஜிடபிள்" என்று மும்முறை சொல்லித்தான் சோறு கேட்டேன். இரண்டாவது கவளத்தில் சிறிய இறால் ஒன்று தென்பட்டது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தட்டை நகர்த்தினார்; எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, "நீ சாப்பிடு, அப்பா" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது உள்ளேயிருந்து வயதான சீன அம்மையார் ஒருவர் வந்தார். பரிமாறியவன் தலைகுனிந்து நின்றான். அவர் வங்காளியில், "நாங்களும் மாதத்தில் இரண்டு நாள் மாமிசம் தொடமாட்டோம். உங்களுக்கு இன்று விரதமா?" என்று கேட்டார். "எங்களுக்கு எல்லா நாளும் விரதந்தான்" என்றார் பெரியப்பா. அந்த அம்மையார் சிரிக்கவில்லை. வேறு சட்டி எடுத்துக் கழுவி, கோசும் காரட்டும் மட்டும் போட்டுத் தாமே வதக்கிக் கொண்டுவந்து வைத்தார். பெரியப்பா ஒரு பருக்கை விடாமல் உண்டார்.

ஆகவே, வெறுமனே 'வெஜிடபிள்' என்றால் போதாது. நான்கு கேள்விகள் கேட்கவேண்டும். நூடுல்ஸ் மாவில் முட்டை உண்டா? சூப்புக்கு எலும்பு வேகவைத்த நீரா? சிப்பிச் சாறு, அதாவது ஆய்ஸ்டர் சாஸ், சேர்ப்பதுண்டா? சட்டி தனியா? சோயா சாஸ் மொச்சை போன்ற பயற்றிலிருந்தும் கோதுமையிலிருந்தும் ஆவது. அதைப்பற்றி ஐயம் வேண்டாம். கூட்டம் சேருமுன், பகல் பன்னிரண்டு மணி சுமாருக்குப் போனால் கேட்கவும் சொல்லவும் அவர்களுக்குப் பொழுதிருக்கும்.

மாப்பிள்ளை ஊரில் உண்டு பழகிய கோபி மஞ்சூரியனைத் தேடினால், அதன் கதையைச் சொல்லிவையுங்கள். மஞ்சூரியாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சமையற்காரர் 1975-ல் பம்பாய்க் கிரிக்கெட் கிளப்பில் பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாயை வதக்கிக் கோழியுடன் சோயா சாஸும் சோளமாவும் சேர்த்து உண்டாக்கியது அது. கோழியின் இடத்தில் காலிபிளவர் பின்னால் வந்தது.

இன்னொன்று. அங்கே பரிமாறுகிறவரை, "நீங்கள் எந்த நாடு?" என்று நம்மவர் சிலர் கேட்பதைக் கண்டிருக்கிறேன். கேட்கவேண்டாம். 1962-ல் எல்லைப் போர் மூண்டபோது, இந்நாட்டில் பிறந்த குழந்தைகள் உட்பட ஏறத்தாழ மூவாயிரம் சீனரை ராஜஸ்தானத்துத் தியோலி முகாமில் அடைத்தார்கள். சிலருக்கு 1967 வரை விடுதலை இல்லை. கடிதத்தில் எந்த நாடு என்று எழுதியிருந்ததோ அதைக் காட்டிலும் முகத்தையே பார்த்த காலம் அது. கனடாவுக்கும் பிற தேசங்களுக்கும் அவர்கள் குடும்பங்குடும்பமாகப் போனதற்கு அந்தப் பயம் ஒரு காரணம். இப்போது இங்கே மிச்சமிருப்பவர்கள் மிகச் சிலரே. லேக் மார்க்கெட்டில் காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனையை நம்பி வாழும் நமக்கு, அந்தக் கூடைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைவது வெறும் வேடிக்கையாகத் தோன்றாது.

திரும்பும் வழியில் டிரெட்டா பஜாரில் 1958-ல் ஏற்பட்ட பௌ சோங் கடையில் பச்சைமிளகாய்ச் சாஸ் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளலாம். அடை, தோசைக்குக்கூடத் தொட்டுக்கொள்ளலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம், வீட்டாருக்குச் சம்மதமில்லை. சந்தைக்குப் போகிற ஞாயிறன்று ஐந்தரை மணிக்கே புறப்படுங்கள். ஒன்பது மணிக்குப் போய் வெறுங்கூடையைப் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதவேண்டாம்.