சாணம் குப்பையா? சம்பத்தா?



"சாணத்தால் ஈ மொய்க்கிறது, மாடுகளை அப்புறப்படுத்துக." நாம் வேலை செய்த தோட்டம் ஒன்றில் இப்படி ஒரு நோட்டீசு வந்தது. அதைத் தமிழில் எழுதி லயத்தில் ஒட்டியவர்கள் கிராணிகளாகிய நாமே. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அதே வாரம் லாரியில் வந்த உர மூட்டைகளைக் கணக்கில் பதிந்தவர்களும் நாமே. லயத்துச் சாணம் கால்வாயில். வெளிநாட்டுப் பொட்டாசு ஸ்டோரில்! இது என்ன நியாயம்?

2022-ல் உக்ரேன் போர் மூண்டதும் உர விலை உலகெங்கும் ஏறியது. அப்போதாவது நிர்வாகம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்ததா?

ஈ மொய்ப்பது மாட்டின் குற்றமன்று. சாணத்தைக் குவித்துப் போட்டுவிடுவதன் குற்றம். அதற்கு மருந்து மண்புழு. மண்புழுவின் உழைப்பைப் பற்றி டார்வின் 1881-ல் தனி நூலே எழுதினார். நம் காலத்தில், சென்னை நியூ காலேஜில் பேராசிரியராயிருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் தமிழக உழவர்களிடம் மண்புழு உரத்தைக் கொண்டுசென்றார்.

முறை எளிது. புதுச் சாணத்தின் சூட்டில் புழு செத்துவிடும். இரண்டு மூன்று வாரம் ஆறவிட வேண்டும். பிறகு கூரைக்கடியில், தண்ணீர் வடியும் தொட்டியில் பரப்ப வேண்டும். பிழிந்த துணியளவு ஈரம் போதும். மூத்திரம் சேரக் கூடாது. ஆழ மண்ணில் வாழும் புழு உதவாது. மக்கிய எருவில் வாழும் புழுவே வேண்டும். இரண்டு மாதத்தில், நாற்றமில்லாத, தேயிலைத்தூள் போன்ற கரிய எரு கையில்!

மூட்டை உரமே வேண்டாம் என்று பொய் பேச மாட்டோம். இதில் தழைச்சத்து குறைவு. ஆயிரம் ஏக்கருக்குக் காணாது. ஆனால் நாற்றுமேடைக்கும் லயத்துக் காய்கறிக்கும் உதவும். கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பூந்தொட்டி வைத்திருப்போருக்கு விற்கலாம்.

ஓர் எச்சரிக்கை! நாளை நிர்வாகமே, "வேலை முடிந்து வந்து புழுத் தொட்டியைக் கவனி" என்று சொல்லக்கூடும். தோட்டத்துக்காகச் செய்தால் அது வேலை. வேலைக்குக் கூலி வேண்டும். நம் மாட்டுச் சாணத்தில் நாம் செய்தால் எருவும் நமது, காசும் நமது.

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. அந்த நாட்களில் நம் அடுப்பை எரியவைத்தது மாடு. 1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு நோட்டீசுக்குப் பயந்து மாட்டை விற்பதா?

கொட்டகைக்கு இடம் கேட்போம். தொட்டிக்குக் கூரை கேட்போம். கேட்பதை ஒன்றாகக் கேட்போம்!