மறுமுறை வினவுவோர்

அறிந்தவனுக்கு ஒரு வினா பழையது. அறியாதவனுக்கோ அஃது அன்றே பிறந்தது. இவ்வுண்மையை மறந்தமையால், தொழிலில் தேர்ந்தோர் பலர் புதியவர்மீது சினங் கொள்கின்றனர். "நேற்றுத்தானே சொன்னேன்?" என்னும் ஒரு சொல் எத்தனையோ இளைஞரின் வாயை அடைத்துவிட்டது.

நம் வட்டகொடையைச் சூழ்ந்த தேயிலைத் தொழிற்சாலைகளையே எடுத்துக்கொள்வோம். கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கின்றனர். "பதம் வந்துவிட்டதா?" எனப் பயில வந்தவன் நாடோறும் வினவுவான். அறிவுக் குறைவினால் அன்று. விடை நாடோறும் மாறுவதனால். வெப்பம் மிகுந்த நாளில் புளிப்பு விரைந்து முற்றும். குளிர்ந்த நாளில் தாமதிக்கும். தை மாசியின் வறண்ட காற்றில் எளிதாக வாடும் இலை, அடைமழையில் வாட மறுக்கும். நிறமும் மணமும் கொண்டு பதமறியும் திறம் ஒரு நாளில் வருவதன்று. மலையிலோ, முதிய தாயொருத்தி புதியவளுக்கு எக்கொழுந்தை எடுப்பது, எதை விடுவது எனச் செடிக்குச் செடி காட்டிச் செல்வதைக் கண்டிருக்கிறோம். அப்பொறுமைக்கு அவள் எப்பட்டமும் பெற்றாளில்லை.

யாமும் இக்குற்றத்திற்கு விலக்கல்லோம். மின்வேலை பயில வந்த ஓர் இளைஞன் ஒன்றையே மூன்றாம் முறை வினவியபோது கடிந்துரைத்தோம். அதன்பின் அவன் வினவவேயில்லை. தெளிந்துவிட்டான் என மகிழ்ந்தோம். அவன் ஊகித்தே வேலை செய்து வந்தான் என்பது, மின்சாரம் நிறுத்தப்படாத கம்பியில் ஒருநாள் கைவைக்கப் போனபோதே விளங்கிற்று. தடுத்துவிட்டோம், ஆயினும், அன்று நடுங்கியது எம் கையே.

மலையகத்தில் இதற்கு மற்றுமொரு காரணமுண்டு. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களிலேதான். ஆதலின், தம் குடும்பத்தில் உயர்கல்விக்கு முதன்முதலாக வருவோர் இன்றும் பலர். கற்றோர் வீட்டுப் பிள்ளை தன் ஐயத்தை இரவில் தந்தையிடம் கேட்பான். லயத்திலிருந்து வருபவன் யாரிடம் கேட்பான்? நம்மிடந்தான் கேட்க வேண்டும். நாம் முகஞ் சுளித்தால் அவனுக்கு வேறு வாயில் இல்லை.

பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் நிலத்தின் பொறையை ஆசிரியர்க்கு உரியதாக வைத்தார். இருமுறை கேட்டால் பிழை நீங்கும்; மும்முறை கேட்டால் முறையறிந்து உரைக்கலாம் என்றும் வகுத்தார். ஆசிரியரிடம் கேட்பதால் காற்பங்கு, உடன்பயில்வோரோடு பழகுவதால் காற்பங்கு, பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு எனப் புலமை நிரம்புமென்பது அவர்தம் கணக்கு. எனவே, மறுமுறை வினவுபவன் நம் காலத்தைக் கவர்பவனல்லன். நமது அரைப்பங்கை நிறைத்துத் தருபவன்.

பொறுமை என்பது அவன் வேலையை நாமே செய்து கொடுப்பதன்று. கேட்டதைக் குறித்து வைத்தலும், தானே முயன்று பார்த்தபின் எங்கே தடைப்பட்டது எனக் கூறுதலும் மாணவன் கடமை. "நீ என்ன செய்து பார்த்தாய்?" என அன்போடு கேட்பது நம் கடமை. அடிக்கடி எழும் வினாக்களுக்கு விடைகளை எளிய தமிழில் எழுதி வைப்பதும் நன்று. ஆனால் அவ்வேட்டைக் காட்டி வந்தவனைத் துரத்தலாகாது.

இவ்விழாக் காலத்தில் பழைய மாணவராகிய நாம் கட்டடத்திற்கும் நூலகத்திற்கும் பொருள் வழங்குகிறோம். அதனோடு மாதம் ஒரு மணி நேரமும் வழங்குவோமாக. இயந்திரம் அறிந்தவரும், கணக்கு அறிந்தவரும், கணினி அறிந்தவரும் கல்லூரிக்கு வந்து அமர்ந்து, கேட்டதையே கேட்கும் பிள்ளைகளுக்குச் சொன்னதையே முகமலர்ந்து சொல்வார்களாக. நமக்கும் ஒருவர் அவ்வாறு சொன்னதனாலன்றோ இன்று நாம் அறிந்தவராயினோம்?