செருப்பு ரப்பரில் ஒரு கவசம்

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். குறிப்பாகப் பிள்ளைகளைப் பெற்றவர்களும், இன்னும் வகுப்பறையில் இருக்கும் என் ஆசிரியத் தோழர்களும் படிக்க வேண்டும்.

சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி விடுமுறைக்குக் கொடைக்கானல் வந்திருக்கிறாள். வந்த மறுநாளே எங்கள் வீட்டு முன்னறை பட்டறை ஆகிவிட்டது. தரை முழுக்கச் சாம்பல் நிற ஃபோம் ஷீட், காகிதத் துண்டுகள், பசை டப்பா, கட்டர். என்னம்மா இது என்று கேட்டால், "காஸ்ப்ளே கவசம் தாத்தா" என்கிறாள்.

தெரியாதவர்களுக்காக: கதையிலோ சினிமாவிலோ கேமிலோ வரும் ஒரு பாத்திரத்தைப் போல உடையும் ஆயுதமும் செய்து அணிந்துகொள்வதுதான் காஸ்ப்ளே. 1980களில் ஜப்பானில் பிறந்த சொல். 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான் நடந்தபோது தோழிகளோடு போய்ப் பார்த்திருக்கிறாள். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம்.

போன வாரம் வந்த சொந்தக்காரர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "இருபது வயசுப் பொண்ணு வேஷம் கட்டி விளையாடிக்கிட்டு இருக்கு. நீங்களும் பார்த்துக்கிட்டு இருக்கீங்களே சார்? இந்த நேரத்துல ஒரு போட்டித் தேர்வுக்காவது படிக்கலாமில்ல?" என்றார். வந்தவரோடு வாதாட வேண்டாமென்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

முப்பது வருடங்களுக்கு மேல் கணக்கு நடத்தியவன் நான். பத்தாம் வகுப்பு அளவியலில் கூம்பின் வளைபரப்பு பை ஆர் எல் என்று எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். இடைக்கண்டம் வந்தால் பாதி வகுப்பு தலையைக் குனிந்துகொள்ளும். பேத்தி முன்கைக் கவசம் செய்வதைப் பார்த்தேன். மணிக்கட்டில் சிறுத்து முழங்கையில் அகன்ற அது அசல் இடைக்கண்டம். அதை விரித்தால் என்ன உருவம் வரும் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேலே டேப் ஒட்டி, பேனாவால் கோடு போட்டு, கத்தரித்து எடுத்துத் தரையில் விரித்தாள். வட்டக்கோணப் பகுதியின் ஒரு துண்டு வளைந்து படுத்திருந்தது! நான் கரும்பலகையில் சொல்லிச் சொல்லிப் புரியாத பாடம்.

தோள் கவசத்தில் திணறினாள். தோள் உருண்டை. உருண்டையை மடிப்பு விழாமல் தட்டையாக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் கவுஸ் என்ற மேதை நிரூபித்த உண்மை இது. உலக வரைபடத்தில் கிரீன்லாந்து பூதாகரமாகத் தெரிவதும் இதனால்தான். பேத்தி இரண்டு தடவை ஃபோமை வீணடித்துவிட்டு, தையற்காரர் ரவிக்கையில் டார்ட் பிடிப்பதைப் போல விளிம்பில் முக்கோணம் முக்கோணமாக வெட்டி, இணைத்து ஒட்டினாள். தோள் உருண்டு எழுந்தது.

வேலையும் லேசுப்பட்டது அல்ல. இரண்டு துண்டு மூலையில் சேர வேண்டுமானால் விளிம்பைச் சாய்த்து வெட்ட வேண்டும். மழுங்கிய பிளேடு ஃபோமைப் பிய்த்துவிடும். பசையை இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும்வரை பத்து நிமிடம் காத்திருந்து சேர்க்க வேண்டும். சேர்த்தபின் நகர்த்த முடியாது. பிறகு ஹீட் கன் என்ற வெப்பக் காற்றுக் கருவியால் சூடாக்கி, முழங்காலில் வைத்து வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் வளைவு அப்படியே நிற்கும். ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து நாலைந்து பூச்சு. அதன்மேல் கறுப்பு. கடைசியில் காய்ந்த பிரஷ்ஷில் வெள்ளிச் சாயத்தைத் தொட்டும் தொடாமலும் விளிம்புகளில் இழுத்தால், நூறு சண்டை பார்த்த இரும்பு மாதிரி இருக்கிறது. சமையலறைத் தராசில் வைத்தேன். மார்புக் கவசம் அறுநூறு கிராம்.

"இது என்னம்மா பொருள்?" என்று கேட்டேன்.

"ஈ.வி.ஏ. ஃபோம் தாத்தா. உங்க செருப்போட அடிப்பாகம் இருக்குல்ல, அதேதான்."

அதற்குப் பிறகு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் மலையில் வெள்ளகவி என்றொரு ஊர் உண்டு. வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். அல்லது கும்பக்கரையிலிருந்து ஏற வேண்டும். வெகுகாலம் வண்டிப் பாதை இருந்ததில்லை. மூட்டை முடிச்செல்லாம் குதிரை முதுகிலும் மனிதர் தலையிலும்தான் போய்வந்தன. கோயில்கள் நிறைந்த ஊர் என்பதால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. விருந்தாளியானாலும் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும்.

1990களின் நடுவில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அந்த ஊர்ப் பையன் ஒருவன் விடுதியில் தங்கி எட்டாம் வகுப்புப் படித்தான். ஆண்டு விழாவுக்குக் கட்டபொம்மன் நாடகம். அவனுக்கு ஊமைத்துரை வேடம். கவசம் தானே செய்துகொள்கிறேன் என்றான். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான்.

விடுதியில் பிள்ளைகள் தூக்கிப்போட்ட ரப்பர் செருப்புகளைப் பொறுக்கி, நாக்கு நாக்காக வெட்டி, காம்பஸ் முனையால் துளை போட்டு, சணலில் கோத்து, மீன் செதிளைப் போல ஒன்றின்மேல் ஒன்று விழ அடுக்கியிருந்தான். பள்ளி கேட்டுக்கு அடித்து மீந்த சில்வர் பெயிண்ட்டை அதன்மேல் பூசியிருந்தான். பழைய காலத்துப் படைவீரர்கள் செதிள் கவசத்தை இப்படித்தான் கோத்தார்கள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தது. அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

எனக்குத் தெரிந்ததெல்லாம் அது செருப்பு என்பதுதான். "செருப்பையா நெஞ்சில கட்டிக்கிட்டு மேடை ஏறப்போற? அதுவும் வெள்ளகவிக்காரன்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவன் ஒன்றே ஒன்று சொன்னான். "நல்லாக் கழுவிட்டேன் சார்."

வத்தலக்குண்டில் வாடகைக்கு எடுத்த ஜரிகை உடுப்பை மாட்டிக்கொண்டுதான் அவன் மேடை ஏறினான். தோள் இரண்டும் தொளதொளவென்று தொங்கின. அந்தக் கவசம் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் எதையும் செய்து என்னிடம் கொண்டுவந்து காட்டவில்லை.

இரண்டு வருடம் முன்பு வட்டக்கானலில் அவனைப் பார்த்தேன். குதிரையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன் ஓடிவந்து வணக்கம் சொன்னான். என் மூட்டுவலியை விசாரித்தான். நான் பேசியது மழையைப் பற்றியும் காப்பி விலையைப் பற்றியும்தான். பேச வேண்டியதைப் பேச வாய் வரவில்லை.

"வேஷம் கட்டி விளையாடுறது" என்று சொல்கிறோமே, வேடம் கட்டுவது நமக்குப் புதிதா? வடமாவட்டங்களில் கட்டைக்கூத்து ஆடுகிறார்கள். கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் கனமில்லாத கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டியவை. அந்தக் கட்டைகளைக் கட்டி ஆடுவதால்தான் அந்தப் பெயர். விடிய விடிய ஆட வேண்டுமே, இரும்பைக் கட்டிக்கொண்டு முடியுமா? பார்க்கக் கனம், சுமக்க லேசு. ஃபோம் கவசத்தின் சூத்திரமும் அதுதான். அர்ச்சுனனுக்குக் கட்டிய கை இன்று ஏதோ ஜப்பான் வீரனுக்குக் கட்டுகிறது. நம்ம ஊர் ராஜா வேடம் போடக்கூடாதா என்று எனக்கும் ஆசைதான். ஆனால் யாருக்குப் பிடித்ததை யார் முடிவு செய்வது? கை கற்றுக்கொள்வது இரண்டிலும் ஒன்றுதான்.

அதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு விடச் சொல்லவில்லை. பேத்திக்கு மூன்று கட்டளை போட்டிருக்கிறேன். ஒன்று: கொடைக்கானல் குளிருக்குச் சன்னலைச் சாத்திக்கொண்டு பசையையும் ஹீட் கன்னையும் தொடக்கூடாது. அந்தப் பசையின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். தூசிக்குப் போடும் சாதாரண முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. இரண்டு: பிளேடு எப்போதும் உடம்பை விட்டு வெளிப்பக்கமாகத்தான் ஓட வேண்டும். மூன்று: வெட்டி மீந்த துண்டு ஒன்றுகூட வெந்நீர் அடுப்புக்கோ காட்டுக்கோ போகக்கூடாது. இது மட்காத பொருள். எரித்தால் புகை நெஞ்சை அடைக்கும். மலையில் இருப்பவர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். மீந்ததையெல்லாம் ஒரு பையில் சேர்க்கிறாள். உள் திணிப்புக்கு ஆகிறது.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பு அட்டவணையில் கைத்தொழில் பாடவேளை என்று ஒன்று இருந்தது. அதைக் கடன் வாங்கிக் கணக்கு நடத்தியவர்களில் நானும் ஒருவன். திருப்பிக் கொடுத்ததே இல்லை. முடிந்தால் நீங்கள் கொடுங்கள். ஒரு பிள்ளை எதையாவது செய்து கொண்டுவந்து நீட்டினால், எதில் செய்தாய், எதற்குச் செய்தாய் என்ற கேள்விகளை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எப்படிச் செய்தாய் என்று முதலில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை நான் அன்று கேட்டிருக்கலாம்.

பதிற்றுப்பத்தில் கவசத்துக்கு மெய்ம்மறை என்றொரு சொல் வருகிறதாம். வீரர்களுக்கு முன்னால் நின்று காக்கும் அரசனையே அப்படிச் சொல்வார்கள் என்று என் தமிழாசிரிய நண்பர் சொன்னார். வகுப்பே சிரித்த அன்று அந்தப் பையனுக்கு முன்னால் நின்றிருக்க வேண்டியவன் நான். சிரிப்பைத் தொடங்கி வைத்தவனும் நானே.

பேத்தியின் கவசம் நாளை மறுநாள் முடியும். அதை எடுத்துக்கொண்டு அவளோடு வட்டக்கானல் வரை போகலாம் என்றிருக்கிறேன். அவன் மேலே வந்தால் அதைக் கையில் கொடுத்து, "எப்படி இருக்கு, பார்த்துச் சொல்லுப்பா. உனக்குத்தான் தெரியும்" என்று கேட்க வேண்டும். இந்தத் தடவையாவது வாய் வர வேண்டும்.