எந்தக் கிளி வாங்கலாம் என்று என்னிடம் கேட்காதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கல்லூரி நண்பன் ஒருவன் வாட்ஸப்பில் கேட்டான். "மச்சி, டூ பிஎச்கே ஃப்ளாட்ல வளக்க எந்தக் கிளி பெஸ்ட்? பேசணும். கத்தக் கூடாது. பட்ஜெட் இருபதாயிரம்." கூடவே ஒரு எக்ஸெல் ஷீட். விலை, நிறம், ஆயுள், பேசுமா, கடிக்குமா என்று வரிசையாகப் பத்திகள். நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இன்ஜினியரிங் படித்தவர்கள். போன் வாங்கினாலும் ஷீட்தான், தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தாலும் ஷீட்தான். அதனால் ஷீட் மேல் எனக்குக் கோபமில்லை. "பேசணும், கத்தக் கூடாது" என்ற அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிளி கூட்டமாக வாழும் பறவை. விடியும்போதும் பொழுது சாயும்போதும் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று குரல் கொடுத்துச் சரிபார்க்கும். நாம் "கத்துது" என்று சொல்வது இதைத்தான். தன் கூட்டத்தை எங்குமே காணோம் என்றானபிறகு, எதிரில் இருக்கும் மனிதக் கூட்டத்தின் ஓசையைப் பழகி அதில் சேரப் பார்க்கிறது. நாம் "பேசுது" என்று வீடியோ எடுப்பது இதை. இரண்டும் ஒரே தேவை. ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்பது, எனக்கு மழை பிடிக்கும் ஆனால் தண்ணி தேங்கக் கூடாது என்று வேளச்சேரியில் வீடு தேடுவது மாதிரி.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஒரு கிளியைக் கெடுத்தவன் என்கிற யோக்கியதைதான்.

2021-ல் ஊரடங்கு நேரத்தில் ஒரு சன் கான்யூர் வாங்கினேன். மஞ்சளும் ஆரஞ்சுமாக, வாலில் கொஞ்சம் பச்சை தொட்ட பறவை. பதினெட்டாயிரம் ரூபாய். கண்ணே சரியாகத் திறக்காத வயதில் பெட்டியிலிருந்து எடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கூழ் ஊட்டி வளர்த்த குஞ்சு. "ஹேண்ட் ஃபெட் சார், உங்களையே அம்மான்னு நினைக்கும்" என்றார் விற்றவர். பில் தரவில்லை. நானும் கேட்கவில்லை. லேப்டாப் சார்ஜருக்கே ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குகிற ஆள் நான். கயானாவிலும் பிரேசிலின் வடக்கு ஓரத்திலும் வாழ்கிற இந்த இனம், கூண்டு வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே அங்கே அழியும் நிலைக்கு வந்துவிட்டது என்பது எனக்குத் தெரிய மேலும் ஒரு வருஷம் ஆனது. மிட்டு என்று பேர் வைத்தோம். நாட்டில் பாதிக் கிளிகளுக்கு அதுதான் பேர்.

ஒன்றரை வருஷம் சொர்க்கம். நான் வீட்டிலிருந்து வேலை செய்தேன், மிட்டு என் தோளிலிருந்து வேலை செய்தது. மீட்டிங்கில் அமெரிக்கக்காரர்கள் அதைப் பார்த்து ஹாய் சொன்னார்கள். கீபோர்டில் இரண்டு பட்டன்களைக் கடித்துத் துப்பியது, அதையும் ரசித்தோம். 2023-ல் ஆபீஸ் கூப்பிட்டது. முதலில் வாரம் மூன்று நாள், அப்புறம் ஐந்து நாள். மனைவியும் வேலைக்குப் போகிறவள். காலை எட்டரைக்குப் பூட்டினால் ராத்திரி எட்டுக்குத்தான் கதவு திறக்கும்.

சன் கான்யூரின் குரலை நேரில் கேட்காதவர்களுக்கு அதை எழுதிக் காட்ட முடியாது. நூறு டெசிபெலைத் தாண்டும் என்பது வெறும் எண். குக்கர் விசில் மணிக்கணக்கில் நிற்காமல் அடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் கொஞ்சம் அழுகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கீழ்வீட்டில் ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார். நைட் ஷிஃப்ட் முடித்துக் காலை ஒன்பதுக்கு வந்து படுப்பவர். ஒரு சனிக்கிழமை மேலே வந்தார். சண்டை போடவில்லை. "தம்பி, நாலு மாசமா நான் பகல்ல தூங்கல. போன வாரம் மருந்து டோஸ் எழுதறப்ப கை தடுமாறிச்சு, பக்கத்துல இருந்த பொண்ணு பார்த்துச் சொல்லிச்சு. கொஞ்சம் பாருங்க" என்றார். அதுவரை "பெட் வைத்துக்கொள்வது என் உரிமை" என்று அசோசியேஷன் குரூப்பில் பத்தி பத்தியாக டைப் செய்துகொண்டிருந்தவன் நான்.

அந்த வாரமே கவனித்தேன், மிட்டுவின் நெஞ்சில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு இறகு இல்லை. அடுத்த மாதம் உள்ளங்கை அளவு. தானே பிடுங்கிக்கொள்கிறது. நான் வீட்டில் இருந்தாலும், என் தோளில் உட்கார்ந்துகொண்டே பிடுங்கியது. பறவைகளுக்கென்று பார்க்கும் டாக்டர் சென்னை மாதிரி ஊரிலேயே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவரைக் கண்டுபிடித்தோம். ரத்தம், எச்சம், தோல் எல்லாம் பரிசோதித்தார். நோய் ஒன்றும் இல்லை. "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தனியா இருக்கு?" என்று கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள், நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தேன்.

இந்த "ஹேண்ட் ஃபெட்" விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியாது. நம் ஊர்க் கிளி வியாபாரத்தின் மிகப் பெரிய பொய் அதுதான். அந்தக் குஞ்சு உங்களை நேசிப்பதாகச் சொல்லி விற்கிறார்கள். அது தன் இனத்தில் இன்னொரு முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் பிரித்து எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். உலகத்தில் அதற்குத் தெரிந்த ஒரே உயிர் நீங்கள். அந்த உயிர் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போய்விடுகிறது. அனுபவமில்லாதவர்கள் சிரிஞ்சால் ஊட்டும்போது கூழ் மூச்சுக்குழாயில் போய்ச் சாகிற குஞ்சுகள் தனிக் கணக்கு. தாய் வளர்த்த, தன் இனத்தோடு வளர்ந்த பறவை பழகக் கொஞ்சம் நாளாகும். ஆகட்டுமே. கல்யாணம் ஆன புதிதில் நமக்கும்தான் நாளானது.

சரி, வெளிநாட்டுக் கிளியே வேண்டாம், நம்ம ஊர்ப் பச்சைக்கிளி வாங்கிக்கலாமா என்று ஒரு கோஷ்டி உண்டு. தாத்தா வீட்டில் இருந்ததாம், திண்ணையில் தொங்குமாம், "வாங்க" என்று கூப்பிடுமாம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைப் பிடிப்பது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். இந்தியப் பறவைகளின் வியாபாரம் 1990-91லேயே முழுக்கத் தடைசெய்யப்பட்டது. 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கடலூரில் ஒரு வேட்பாளருக்கு ஜோசியம் சொன்ன கிளி ஜோசியக்காரரை வனத்துறை பிடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். கிளி கூண்டைவிட்டு வெளியே வந்து சீட்டு எடுத்தது, வீடியோ பரவியது, ஆள் பிடிபட்டார். சட்டப்படி சரிதான். ஆனால் எங்கள் ஓஎம்ஆர் குடியிருப்பில் மட்டும் மூன்று பால்கனிகளில் பச்சைக்கிளி தொங்குவதை நான் பார்க்கிறேன். ஒரு வீட்டுக்காரர் பெரிய கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் வேலையில் இருக்கிறார். மரத்தடியில் பாய் விரித்தவனுக்குத்தான் சட்டம் தேடி வருகிறது. பத்தாவது மாடிக்கு லிஃப்ட் ஏறி வருவதில்லை.

பால்கனி என்றதும் இன்னொன்று. புறா உள்ளே வராமல் இருக்க ஆயிரக்கணக்கில் செலவழித்து வலை கட்டுகிறோம். அந்த வலைக்கு உள்பக்கம், கிளி வெளியே போகாமல் இருக்கக் கூண்டு தொங்கவிடுகிறோம். பறவைகள் விஷயத்தில் நம் கொள்கை என்னவென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"கிளி நம்ம கலாச்சாரம் சார்" என்று குரூப்பில் ஒருவர் மடக்கினார். மீனாட்சி கையில் கிளி, ஆண்டாள் கையில் கிளி. ஆமாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கைக்கிளியைத் தினமும் புதிதாக இலைகளால் செய்கிறார்கள், அலகுக்கு மாதுளம்பூ. மறுநாள் வேறு கிளி. கலாச்சாரப்படிதான் நடப்பேன் என்றால் அப்படி ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிவிட்டு ஆபீஸ் போகலாம்.

இன்னொரு பக்கத்து ஆட்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. எந்தப் பறவையையும் யாரும் வளர்க்கவே கூடாது, கூண்டைத் திறந்து விடுங்கள் என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள். எதைத் திறந்து விடச் சொல்கிறீர்கள்? நம் ஊரில் "லவ் பேர்ட்ஸ்" என்று விற்கிறார்களே, அந்தக் குட்டிப் பறவை உண்மையில் லவ் பேர்ட் கிடையாது. அது பட்ஜெரிகர், ஆஸ்திரேலியாக்காரர். ஜான் கூல்ட் 1840-ல் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனதிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வருகிறது. மஞ்சளும் வெள்ளையும் நீலமுமாக நாம் மாற்றி வைத்திருக்கும் அந்த உடம்போடு சென்னை வானத்தில் விட்டால், பத்து நிமிஷத்தில் காக்கா கொத்தி எடுத்துவிடும். மனிதன் ஏற்கெனவே செய்துவிட்ட ஒன்றை யாராவது ஒருவர் பொறுப்பெடுத்து வளர்த்தாக வேண்டும். ஆகவே "எதை வாங்கலாம்" என்ற கேள்விக்குப் பதிலே இல்லை என்று நான் தப்பிக்கப் போவதில்லை.

என் பதில் இது. முதல் கிளி என்றால் பட்ஜி. ஒன்று வாங்காதீர்கள், இரண்டு. இரண்டு இருந்தால் பேசாது என்பார்கள். பேச வேண்டாம். நீங்கள் ஆபீஸ் போனபிறகு அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும், அதற்குத்தான் இரண்டு. நாள் முழுக்கக் கீச்சுகீச்சென்று சத்தம் இருக்கும், ஆனால் சுவரைத் தாண்டி நர்ஸ் அக்காவை எழுப்பாது. கூண்டுக்குள் மண்கலயம் கட்டாதீர்கள். கட்டினால் இரண்டு எட்டாகும், எட்டையும் கொடுக்க ஆள் தேடி அலைவீர்கள். கூண்டு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருப்பது முக்கியம், ஏனென்றால் அவை பக்கவாட்டில்தான் பறக்கின்றன. கோபுரம் மாதிரி வட்டக் கூண்டு ஹாலுக்கு அழகு, பறவைக்கு நரகம். தினமும் கொஞ்ச நேரம் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வெளியே பறக்க விட வேண்டும். ஃபேனை நிறுத்தி என்பதை இன்னொரு முறை படியுங்கள்.

இதைவிடக் கொஞ்சம் பெரிதாக, தோளில் உட்காருவதாக வேண்டுமென்றால் காக்கடீல். விசிலடிக்கும், கொண்டையை ஏற்றி இறக்கித் தன் மூடைச் சொல்லும். ஆனால் இறகிலிருந்து வெள்ளைப் பொடி கொட்டும். ஏசி போட்டு மூடிய அறையும் வீட்டில் ஆஸ்துமாவும் இருந்தால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். பதினைந்து இருபது வருஷம் வாழும் என்பதையும் ஷீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது நண்பனின் மகளுக்கு நாலு வயது. அவள் காலேஜ் முடிக்கும்வரை அது இருக்கலாம். சட்டத் தொல்லையும் குறைவு. கான்யூர், மக்காவ் போன்றவற்றை 2024-ல் வந்த விதிகளின்படி பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பட்ஜியும் காக்கடீலும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு வெளியே இருப்பவை.

ஆப்பிரிக்கன் கிரே பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். அலெக்ஸ் என்ற கிரேயைப் பற்றி எல்லோரும் வீடியோ பார்த்திருக்கிறீர்கள், நிறம் சொல்லும், எண்ணிக்கை சொல்லும். ஐரீன் பெப்பர்பெர்க் அதை 1977-ல் வாங்கினார், 2007-ல் அது இறந்தது. முப்பது வருஷம், ஒரு ஆராய்ச்சிக் கூடமே அந்த ஒற்றைப் பறவையோடு பேசிக்கொண்டிருந்தது. நீங்கள் பேசப்போவது ராத்திரி எட்டரைக்கு மேல், சீரியல் ஓடும்போது.

சமையலறைப் பக்கமும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் மறந்து விட்டுக் காய்ந்தால், அந்தப் புகையில் பறவை சில நிமிஷங்களில் செத்துப்போகும். நுரையீரலோடு காற்றுப் பைகளும் இருப்பதால் காற்றில் இருப்பதை அவை நம்மைவிட வேகமாக உள்ளே இழுக்கின்றன. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கொசுவர்த்தி, ஸ்பிரே எல்லாவற்றுக்கும் அதே கணக்கு. அம்மாவிடம் இரும்புக் கல்லுக்கு மாறச் சொல்லிப் பாருங்கள். சாம்பிராணியை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பேச்சுவார்த்தை முடிந்தபிறகு கிளி வாங்கப் போகலாம். பச்சை மிளகாய் தாராளமாகக் கொடுக்கலாம், பறவைகளுக்குக் காரம் உறைக்காது. அவகாடோவும் சாக்லேட்டும் விஷம். வெறும் சூரியகாந்தி விதையிலேயே வளர்த்தால் ஈரலில் கொழுப்பு அடையும். தினை, கீரை, கேரட் என்று நம் வீட்டில் யாரும் விரும்பிச் சாப்பிடாததெல்லாம் அதற்கு நல்லது.

அதற்கும் முன்னால் இன்னொன்று செய்யுங்கள். கடைக்குப் போகாமல், ஊர் மாற்றலாகிப் போகிறவர்கள், குழந்தை பிறந்ததால் கொடுக்கிறவர்கள், என்னைப் போல் தோற்றவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடுங்கள். ஊரடங்கில் வாங்கிய பறவைகள் இன்றும் வீடு மாறிக்கொண்டே இருக்கின்றன.

மிட்டுவைச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ரிட்டையர்டு தமிழாசிரியரிடம் கொடுத்தோம். தோட்டத்தில் அறை மாதிரியே பெரிய கூண்டு, உள்ளே ஏற்கெனவே ஐந்து கான்யூர்கள். முதல் இரண்டு மாதம் மிட்டு அவற்றின் பக்கமே போகவில்லையாம். கம்பியோரம் உட்கார்ந்து ஐயாவின் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்ததாம், அதிலிருந்து மீட்டிங் சத்தம் வருமென்று நினைத்ததோ என்னவோ. இப்போது இன்னொன்றோடு ஒட்டி உட்காருகிறது. நெஞ்சில் இறகு முளைக்கவில்லை. வேரே பழுதாகிவிட்டது, இனி முளைக்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் போனால் இறங்கி வருகிறது, தலையைச் சொறியக் கொடுக்கிறது, பிறகு ஏறிப் போய்விடுகிறது.

ஷீட் அனுப்பிய நண்பனைப் போன ஞாயிறு வீட்டுக்கு வரச் சொன்னேன். குடும்பத்தோடு வந்தான். பழைய போனில் மிட்டுவின் காலை ஆறு மணிக் குரல் நாற்பது நிமிஷம் பதிவாகி இருக்கிறது. ஹால் ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் போட்டேன். மூன்றாவது நிமிஷத்தில் அவன் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். நாலாவது நிமிஷத்தில் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால், தூக்கம் கலைந்த முகத்தோடு கீழ்வீட்டு அக்கா.

"தம்பி, மறுபடியும் வாங்கிட்டீங்களா?"