மூடியைப் பார்த்து மயங்காதீர்கள்

குலசேகரத்தில் ஹோமியோபதி படிக்கும் பெண்ணுக்கும் நாகர்கோவிலில் பொறியியல் படிக்கும் பையனுக்கும் ஒரே லேப்டாப் எதற்கு? ரப்பர் ஷீட் விற்ற காசை மொத்தமாகக் கொட்டி 'கேமிங்' மாடல் வாங்கித் தரும் அப்பாக்கள் இதைக் கேட்பதே இல்லை.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தது 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதை வைத்தே படிப்பை முடித்தவர்கள் ஏராளம். 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்த திட்டத்தின் லேப்டாப்பிலோ 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பாடக் குறிப்பு, பிடிஎஃப், வீடியோ வகுப்பு எல்லாவற்றுக்கும் இது தாராளம். முப்பரிமாண வடிவமைப்பு செய்கிறவர்கள்தான் 16 ஜிபிக்கும் தனி கிராஃபிக்ஸ் கார்டுக்கும் செலவழிக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவது தப்பில்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். கடைக்காரர் மினுங்கும் மூடியைக் காட்டுவார்; நீங்கள் செட்டிங்ஸைத் திறந்து பிராசசர் எண்ணைப் பாருங்கள். 'ஐ5-7200U' என்று ஏழாம் தலைமுறையாக இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.